தானாத் திறந்த கதவு

கொஞ்சம் இந்தப் பையைப் புடிங்க தம்பி, நான் உக்காந்துக்கறேன். பாத்து, கனமா இருக்கும். இரும்புதானுங்க, வேற ஒண்ணுமில்ல. கார் கதவோட பூட்டு. காலுக்கடியில வேண்டாம், மடியிலயே வெச்சுக்கங்க. சூலூர் தாண்டட்டும், நான் வாங்கிக்கறேன்.

எதுவரைக்குமுங்க? காங்கேயமா. நான் பல்லடம். பல்லடத்துல நாச்சிமுத்து பட்டறைன்னு கேட்டீங்கன்னா சின்னப் புள்ளை கூட வழி காட்டும். தோட்டத்து மோட்டார் எரிஞ்சு போச்சுன்னா உள்ள இருக்கற செப்புக் கம்பியை உருவிப் போட்டுட்டுப் புதுசாக் காயில் கட்டிக் குடுக்கறது நம்ம தொழில். முப்பத்தஞ்சு வருசம். ஒரு மிசினு ஓடற சத்தத்தை வாசப்படியில நின்னு கேட்டே, என்ன கோளாறுன்னு சொல்லிருவேன். எதுக்குச் சொல்றேன்னா, பின்னால நீங்க இந்தாளுக்கு மிசினே தெரியாதுன்னு நெனச்சுறக் கூடாது பாருங்க.

இன்னிக்கு எனக்கு நெம்பச் சந்தோசமான நாளு தம்பி. ரெண்டு மாசமா நாயாட்ட அலஞ்சேன். இன்னிக்குத்தான் ஒருத்தன் வாயில இருந்து நாயம் வந்துச்சு. புலியகுளத்துல பெஞ்சமின்னு ஒரு மெக்கானிக். வயசு முப்பதுதான் இருக்கும், ஆனா பழைய கார்னா கோயமுத்தூர்ல அவன்தான்னு சொன்னாங்க. "பூட்டு தேஞ்சு போச்சுங்க, கதவு தானாத்தான் திறந்திருக்கும்"னு சொல்லிப்போட்டான். அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. டீ வாங்கிக் குடுத்தேன், பன்னு வாங்கிக் குடுத்தேன். கையைப் புடிச்சுட்டு விடவே இல்ல நான்.

சிரிக்கறீங்க. ஒரு பூட்டுக்கு இத்தனை பாடான்னு. முழுசாக் கேட்டுட்டுச் சிரிங்க.

போன சித்திரையில எம் மச்சினன், ஊட்டுக்காரி கூடப் பொறந்தவன், ஒரு காரு வாங்கினான். காரே ஆள் ஒசரம் இருக்கும். கருகருன்னு. எங்க ஊட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்திட்டு, "மாமா, சாவியைப் புடிங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க"ங்கறான். நான் வாங்கல. மாமன் இன்னும் ஓட்டை ஆம்னி வேன்லதான போறான்னு குத்திக் காட்டறான், தெரியாதுங்களா எனக்கு? அவன் அப்புடி நெனைக்கவே இல்லன்னு ஊட்டுக்காரி சொல்றா. சொல்லுவா, கூடப் பொறந்தவன். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். பல்லடத்துல எவன் வாசல்லயும் நிக்காத காரு ஒண்ணு நம்ம வாசல்ல நிக்கோணும்.

குன்னூர்ல ஃப்ளோரா டீச்சர்னு ஒருத்தங்க. ஊட்டுக்காரரு டீ எஸ்டேட்ல பெரிய வேலையில இருந்து தவறிட்டாரு. அவருக்கப்புறம் அந்தம்மாதான் அவரோட பழைய காரை ஓட்டிட்டு இருந்திருக்குது. இப்பக் கண்ணு சரியில்ல, மகன் கூடப் போய் இருக்கப் போறாங்க, வண்டியைக் குடுத்துருவாங்கன்னு நம்ம கஸ்டமர் ஒருத்தர் சொன்னாரு. நானும் ஊட்டுக்காரியும் கெளம்பிப் போனோம். ஊட்டுக்காரி பேரு சுலோச்சனா.

ஷெட்டுக் கதவைத் திறந்தாங்க பாருங்க, அடேயப்பா! ஐம்பத்தோராம் வருசத்து அமெரிக்கக் காரு. கம்பெனி பேரை நான் சொல்லலைங்க தம்பி, பூட்டு விசயமாக் கேஸ் போடலாமான்னு வக்கீலைக் கேட்டிருக்கேன். அந்தக் கம்பெனியையே மூடி இருவது வருசத்துக்கு மேல ஆச்சுன்னு அந்தாளு சிரிக்கறான். இருந்தாலும் நான் சொல்ல மாட்டேன். கரும்பச்சைக் கலரு. பெயிண்டுல நகக்கீறல் இல்ல. முன்னாடி சீட்டு எங்க ஊட்டு சோபாவைக் காட்டியும் அகலம், நடுவுல தடுப்பே கெடையாது, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு அப்புடியே நகந்து போலாம். கியர் கம்பி தரையில இல்ல, ஸ்டீயரிங்குக் கழுத்துல இருக்குது. மூணே கியரு. கதவைச் சாத்துனா டொப்புன்னு ஒரு சத்தம். "ஏனுங்க, நகைக்கடை இரும்புப் பொட்டியைச் சாத்தறாப்பல இருக்குதுங்க"ன்னா ஊட்டுக்காரி. புதுக் காரெல்லாம் தகரம்னு நானும் சொன்னேன். அப்ப எனக்கென்ன தெரியும் அந்தக் கதவு செய்யப் போற காரியம்!

வெலையெல்லாம் பேசி முடிச்சாச்சு. கடைசியில அந்தம்மா ஒரு கண்டிசன் போடுது. "வண்டியைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டுத்தான் எடுத்துட்டுப் போகணும். ஒரு நாள் முழுக்க உக்காருங்க, நான் சொல்லித் தர்றேன். அப்புறம்தான் சாவி." டீச்சர் புத்தி போகுமுங்களா?

எனக்கு! எனக்குப் பாடம்! சரி, வயசானவங்க, போகட்டும்னு மறுவாரம் போனேன். மொத பாடமே பேட்டரி. "இந்த வண்டிக்கு பாசிட்டிவைத்தான் பாடியில மாட்டணும்"ங்குது அந்தம்மா. நான் சொன்னேன், "அம்மா, நான் முப்பத்தஞ்சு வருசமாக் கரண்டுலயே கெடக்கறவன். பாடிக்கு நெகட்டிவுதானுங்க." சொல்லிட்டு நானே மாட்டுனேன். ஸ்டார்ட் ஆச்சுங்க, ஆகலைன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. ஆனா மீட்டர் முள்ளு எதிர்ப்பக்கமாச் சாஞ்சு நின்னுக்கிச்சு. எங்கயோ வயர் கருகற வாசம் வந்துச்சு. அந்தம்மா சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணிட்டு, "மாத்தி மாட்டிடுங்க"ன்னுச்சு, ரெண்டாங்கிளாஸ் பையன்கிட்டச் சொல்றாப்பல. ஊட்டுக்காரி முந்தானையை வாயில வெச்சுக்கிட்டா. சிரிக்கறாளாமா.

அதுக்கு மேல அங்க நான் எதுக்கு உக்காரோணும்? வெளிய வந்துட்டேன். எஸ்டேட்டுல பம்ப்செட் பாக்கற ஆளு ஒருத்தரு வந்தாரு, அவர் கூடப் பேசிட்டு நின்னேன். உள்ள எட்டிப் பாத்தா, பாடம் இவளுக்கு நடக்குது! லாங் சைஸ் நோட்டுல இவ எழுதறா. டாஷ்போர்டுக்கு அடியில குடைக்காம்பாட்ட ஒரு கைப்புடி தொங்கும், அதை டீச்சர் இழுத்துக் காட்டறாங்க, அப்புறம் இவ இழுக்கறா, விடறா, இழுக்கறா, விடறா. சின்னப் புள்ளைங்க வெளையாட்டாட்ட. ஊட்டுக்கு வர்ற வழியில, "கை பிரேக்கு சக்கரத்துல இல்லீங்களாமா, கியர் பொட்டிக்குப் பின்னாடி தனியா இருக்குதாமா, கால் பிரேக் போனாக் கூட அது நிறுத்துமாமா"ன்னு பாடம் ஒப்பிக்கறா. நீயா ஓட்டப் போறேன்னு கேட்டேன். நோட்டைப் பையில வெச்சுக்கிட்டா.

டீச்சர் எங்கிட்ட நேரா சொன்னது ஒண்ணுதான். பிரேக்குக்குள்ள இருக்கற ரப்பரெல்லாம் பழசு, புதுசு சொல்லி வெச்சிருக்குது, அதை மாத்தற வரைக்கும் சமதரையில ஓட்டிக்கலாம், மலையை விட்டு லாரியில ஏத்தித்தான் எறக்கோணும். சரின்னுதான் சொன்னேன். லாரிக்கும் சொல்லி வெச்சேன், வெள்ளிக்கிழமை காலைல ஒம்பது மணிக்கு.

இதைக் கவனமாக் கேளுங்க தம்பி, தப்பு எங்கிட்ட இல்லன்னு உங்களுக்கே புரியும். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். நம்ம சோசியரு ஒம்பதேகாலுக்கு மேல பத்தேகாலுக்குள்ள வண்டி கெளம்பிரோணும்னு எழுதிக் குடுத்திருக்காரு. நான் தேங்காய் ஒடச்சு, சூடம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு ரெடி. லாரியைக் காணோம். போன் போட்டா மலைக்குக் கீழயே நிக்கறானாமா, மேல வர்றதுக்குப் பன்னண்டு ஆயிருமாமா. பன்னண்டு! மணி பத்து ஆச்சு. நான் வண்டியை எடுத்து எலுமிச்சம்பழத்து மேல ஏத்திட்டேன். நாலும் நசுங்கிப் போச்சு. நசுங்கினதுக்கப்புறம் வண்டியை நிறுத்தி வெப்பாங்களா யாராச்சும்? நீங்களே சொல்லுங்க. அது கெளம்பிருச்சுங்க. கெளம்புன வண்டியை ராகு காலம் பூரா நிறுத்தி வெச்சு, அப்புறம் லாரியில ஏத்துனா வெளங்குமா?

"மிஸ்டர் நாச்சிமுத்து, நல்ல நேரத்துல கேட் வரைக்கும் கொண்டு போய் நிறுத்திடுங்க. கிளம்பின மாதிரிதானே"ன்னுது டீச்சர். ஊட்டுக்காரியும், "ஆமாங்க, கேட்டைத் தாண்டி நிறுத்திக்கலாமுங்க, லாரி வரட்டுமுங்க"ங்கறா. ரெண்டு பேரும் ஒரே கட்சி. எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. "பயமா இருந்தா நீ லாரியில வா"ன்னேன். அவ என்னைப் பாத்தா. டீச்சரைப் பாத்தா. அப்புறம் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துக்கிட்டு ஏறி உக்காந்துட்டா. எம்மேல அத்தனை நம்பிக்கை அன்னிக்கு. அதைத்தான் சொல்ல வர்றேன்.

டிக்கெட்டுங்களா? பல்லடம் ஒண்ணு. சில்லறை இருக்குதுங்க, இந்தாங்க.

என்ன சொன்னேன்? ஆமா, மலை. மொத மூணு நாலு கிலோமீட்டரு ராசா மாதிரி வந்தோம். எதுக்க வர்ற டூரிஸ்ட் பஸ்ஸுல இருந்து புள்ளைங்க கையாட்டுது. நானும் கையாட்டறேன். எறக்கமாச்சேன்னு நியூட்ரல்ல விட்டுட்டேன். இதுல என்னங்க தப்பு? ஊர்ல எவன் எறக்கத்துல கியர் போட்டு ஓட்டறான்? அது கெடக்குது ஆறு சிலிண்டரு, தண்ணியாட்டப் பெட்ரோலைக் குடிக்கும். "ஏனுங்க, எறக்கத்துல ரெண்டாவது கியர்லதான் போகோணும்னு டீச்சர் சொன்னாங்க"ன்னா. எதுக்க வந்த பஸ்ஸுக்கு ஹாரன் அடிச்சேன். "நோட்டுல எழுதியிருக்கேனுங்க"ன்னா. "அந்த நோட்டை வெளிய வீசிருவேன்"னேன்.

பர்லியாறு வர்றதுக்கு முன்னாடியே ஒரு வாசம். ரப்பர் தீயற மாதிரி. முன்னாடி போற லாரியோட வாசம்னு நெனச்சேன். முன்னாடி லாரியே இல்ல. பிரேக்கை மிதிச்சா கொஞ்சம் மெத்துன்னு போகுது. ரெண்டு மிதி மிதிச்சாப் புடிக்குது. அடுத்த வளைவுல மூணு மிதி. அவ என் காலையே பாத்துட்டு வர்றா. அது இன்னும் எரிச்சல். "என்ன பாக்கற?"ன்னேன். "நிறுத்திரலாமுங்க, சித்த நேரம் ஆறட்டும்"னா. நிறுத்தறதுக்கு எடம் பாத்துட்டுத்தான் இருந்தேன், பொய் சொல்லலைங்க. ஒரு டீக்கடை வந்துச்சு. அங்க நாலஞ்சு கார்க்காரனுக நின்னுட்டு இருந்தானுங்க. அவனுக முன்னாடி பானெட்டைத் திறந்துக்கிட்டு நிக்கறதான்னு ஒரு ரோசனை. தாண்டி வந்துட்டேன்.

அடுத்த கொண்டை ஊசி. மிதிக்கறேன், ஒண்ணும் இல்ல தம்பி. கால் அப்புடியே தரையில போய் முட்டுது. தண்ணிக்குள்ள மிதிச்சாப்பல. மறுபடி மிதிக்கறேன், மறுபடி, மறுபடி. ஒண்ணும் இல்ல. ரெண்டு டன்னுக்குப் பக்கமா வெயிட்டுள்ள வண்டி. ஸ்டீயரிங்கை ஒடிக்கறேன், ஆலைச் செக்கைச் சுத்தறாப்பல இருக்குது, டயர் கத்துது. எப்புடித் திரும்புச்சுன்னு இன்னிக்கும் தெரியாது, திரும்பிருச்சு. திரும்புனா நேரா ஒரு எறக்கம். கடைசியில இன்னொரு வளைவு. வளைவுக்கு அந்தண்டை முட்டியளவு செவுரு, அதுக்கந்தண்டை வானம். கீழ இருந்து ஒரு வேன் ஏறி வர்றது மரத்துக்கு நடுவுல தெரியுது. கியரைப் போடப் பாத்தேன், கரகரன்னு கத்துது, உள்ள போவேனாங்குது. காத்து காதுல அடிக்குது. "ஏனுங்க, ஏனுங்க"ன்னு அவ கத்தறா.

அப்பத்தான் கதவு திறந்துச்சு.

எம் பக்கத்துக் கதவு. தானா. நான் விழுந்துட்டேன். எங்க விழுந்தேன்னா, வளைவுல திரும்புன வேகத்துல வண்டி வலது ஓரத்துக்கே வந்திருச்சு, அந்தப் பக்கம் மலை, ஓரமா மண்ணு, உண்ணிச்செடிப் பொதரு, அதுக்குள்ள. முழங்கை பூராத் தோலுரிஞ்சு போச்சு, இந்தா பாருங்க தழும்பு. முட்டியில ஆறு தையலு. நல்லவேளை அந்தப் பக்கம் மண்ணு இருந்துச்சு. கொஞ்சம் முன்னாடி விழுந்திருந்தா கல்லு, கொஞ்சம் பின்னாடி விழுந்திருந்தாத் தாரு. கடவுள் பாத்துத்தான் அந்த எடத்துல கதவைத் திறந்து விட்டிருக்கான்.

அவளா? அவ உள்ள இருந்தா.

நான் எந்திரிச்சுப் பாக்கறேன், வண்டி போகுது. ஓட்டற பக்கத்துக் கதவு ஆடிட்டே போகுது. ஓட்டற சீட்டுல ஆள் இல்ல. அப்புறம் பாத்தா தலை தெரியுது. நகந்து வந்து உக்காந்துட்டா. ஸ்டீயரிங்கை ஒரு கையில புடிச்சுட்டு, இன்னொரு கையில அந்தக் குடைக்காம்பு. ஒரே இழுப்பா இழுத்தா உள்ள ஒடஞ்சு போயிருமாமா, விட்டு விட்டு இழுக்கோணுமாமா. டீச்சர் சொன்னபடிக்கு இழுக்கறா. இழுக்கறா, விடறா, இழுக்கறா. எனக்கு அங்க இருந்து தெரியுது, வண்டி குலுங்கிக் குலுங்கிப் போகுது. அந்த வேன்காரன் ஹாரனை அமுக்குனவன் கையை எடுக்கவே இல்ல. வளைவுக்கு முன்னாடி எடது பக்கமா மண்ணுல எறக்கி, செவுத்துக்கு இந்தண்டை ஒரு முழம் இருக்கறப்ப நிறுத்திட்டா. ஒரு முழம். நான் அளந்து பாத்தேன்.

நான் நொண்டிக்கிட்டே ஓடறேன். போய்ப் பாத்தா, அவ எறங்கிச் சக்கரத்துக்குக் கல்லு வெச்சுக்கிட்டிருக்கா. கல்லு புடிக்க மாட்டேங்குது, மறுபடி எடுத்து வெக்கறா. என்னை நிமிந்து பாத்து, "அடி பட்டுச்சுங்களா?"ன்னு கேட்டா. அத்தனைதான்.

அதுக்குள்ள வேன்ல வந்த கூட்டம், டீக்கடைக் கூட்டம் எல்லாம் சேந்துருச்சு. "என்னாச்சு, ஓட்டிட்டு வந்தது யாரு, அவரு எப்புடி அங்க கெடந்தாரு?"ன்னு கேக்கறானுங்க. நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அவதான் சொன்னா. "கதவு தானாத் திறந்துருச்சுங்க, அவரு விழுந்துட்டாரு"ன்னு. பாத்தீங்களா? நான் சொல்லல. மொதல்ல சொன்னது அவ. பக்கத்துல இருந்து பாத்தவ அவதான? கண்ணால பாத்தவளே சொல்றப்ப, அதுக்கு மேல சாச்சி வேணுமா?

வேணும் போலருக்குதுங்க. அதான் வெசனமே.

என்னன்னா, அந்த நாள்ல இருந்து அவ அந்தப் பேச்சை எடுக்கறதே இல்ல. சொந்தக்காரங்க, ஒறம்பரைன்னு யாராச்சும் வந்தாக் கேப்பாங்க, நான் ஆரம்பத்துல இருந்து சொல்லுவேன். பேட்டரி, எலுமிச்சம்பழம், எல்லாம் சிரிச்சுட்டுக் கேட்டுட்டு இருப்பா. கதவு திறந்துச்சுங்கற எடம் வந்ததும் எந்திரிச்சுச் சமையக்கட்டுக்குப் போயிருவா. காப்பி போடறாளாமா. குடிச்ச டம்ளரு ஈரம் காயல, மறுபடி காப்பி. அவ தம்பி ஒரு நாள் கேட்டான், "அந்தக் காலத்துக் கதவு அத்தனை லேசுல திறக்காதே மாமா"ன்னு. அவன் கெடக்கறான். நான் அவ மூஞ்சியைத்தான் பாத்தேன். "திறந்துச்சுடா, நான்தான் பாத்தேனே"ன்னா. சொல்லிட்டு உள்ள போயிட்டா.

சண்டை போட்டாப் பரவாயில்லைங்க. சோறு போடறா, துணி தொவச்சு வெக்கறா, முட்டித் தையலுக்கு மருந்து போட்டதும் அவதான். ஒரு கொறையும் சொல்ல முடியாது. ஆனா ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போறேன் பாருங்க. இருவத்தெட்டு வருசமா பின்னாடி உக்காந்தா எந்தோளைப் புடிச்சுக்குவா. பள்ளம் மேடு வந்தா அழுத்திப் புடிப்பா, வலிக்குது விடுன்னு நானே திட்டியிருக்கேன். இப்பப் பின்னாடி இருக்கற கேரியர் கம்பியைப் புடிச்சுக்கறா. வேணும்னே ஸ்பீடு பிரேக்கர்ல வேகமா ஏத்திப் பாத்தேன். கம்பியைத்தான் புடிக்கறா.

எனக்குப் பொறுக்கலைங்க. ஒரு வேளை அவளுக்குச் சந்தேகமோ என்னமோ. மனசுக்குள்ள வேற மாதிரி நெனச்சுட்டு இருக்காளோ. பூட்டு கெட்டுப் போனதுதான்னு வெவரம் தெரிஞ்சவன் ஒருத்தன் சொல்லிட்டா அவ மனசு சரியாயிரும்னு தோணுச்சு. அதான் அலைய ஆரம்பிச்சேன்.

மொத மெக்கானிக்கு திருப்பூர்க்காரன், காரை லாரியில ஏத்தியே கொண்டு போனேன். கதவை நூறு தடவை சாத்திச் சாத்தித் திறந்தான். "அண்ணா, பூட்டு அப்புடியே புதுசாட்ட இருக்குது"ன்னான். போடா கூறு கெட்டவனேன்னு வந்துட்டேன். ரெண்டாவது ஆளு ஈரோடு. அந்தாளு எனக்கு அந்தப் பூட்டைப் பத்திப் பாடமே எடுத்துட்டாரு. இதுக்குள்ள ரெண்டு பல்லு இருக்குதாம். மொதப் பல்லு விட்டாலும் ரெண்டாவது பல்லு புடிச்சுக்குமாம், கதவைச் சரியாச் சாத்தலைன்னாக் கூட ஓடற வண்டியில திறக்காதாம். அமெரிக்காக்காரன் அப்பவே அப்புடிப் பண்ணி வெச்சிருக்கான். உள்ள இருந்து கைப்புடியை முழுசா அமுக்கித் தள்ளுனாத்தான் ரெண்டும் விடும். "உங்க கை பட்டிருக்குமுங்க"ன்னாரு. எங்கையி ஸ்டீயரிங்குல இருக்குது, எப்புடிப் படும்? மூணாவது ஆளு கதவைத் தொட்டுக்கூடப் பாக்காம என் மூஞ்சியைப் பாத்துட்டு, "விடுங்கண்ணா, உசுரு பொழச்சுதே, அது போதும்"ங்கறான். அவனைத்தான் அடிக்கப் போயிட்டேன்.

அப்புறம்தான் இந்தப் பெஞ்சமின் நம்பரு கெடச்சுது. காரைக் கொண்டு போக முடியாது, இப்ப பிரேக் வேலைக்காகச் சக்கரத்தையெல்லாம் கழட்டி வெச்சிருக்குது. பூட்டை மட்டும் நேத்துக் கழட்டுனேன். கழட்டறப்ப அவதான் ஸ்க்ரூவையெல்லாம் ஒரு கிண்ணத்துல வாங்கி வெச்சா. "இதோட விட்டுருவீங்களா?"ன்னு கேட்டா. இவன் சொல்லிட்டா விட்டுருவேன்னேன். காலைல இந்தத் துணிப்பையில போட்டு அவதான் கட்டிக் குடுத்தா.

பாத்தீங்களா, பதினோரு மணிக்குப் போனேன், பதினொண்ணே அஞ்சுக்கு வேலை முடிஞ்சுது. அதான் தொழில் சுத்தம். அந்த மூணு முட்டாளுக மணிக்கணக்கா நோண்டுனாங்க. இவன், நான் வாசல்ல போய் நின்னு பேரைச் சொன்னதுமே, "குன்னூர் வண்டிங்களா? பூட்டு தேஞ்சிருக்குமுங்க, கதவு தானாத்தான் திறந்திருக்கும்"னு பளிச்சுன்னு சொல்றான். பையைக் கூடப் பிரிக்கல.

என்ன தம்பி? பிரிச்சே பாக்கலையான்னா? பாக்கலைங்க. அனுபவங்க. நானும்தான் சொன்னேனே, மோட்டார் சத்தத்தை வெச்சே...

இல்ல. பூட்டுக்குச் சத்தம் இல்லதான்.

குன்னூர்னு அவனுக்கு எப்புடித் தெரியும்னு கேக்கறீங்க. நான் சொல்லியிருப்பேன். இல்ல, நான் பேரு மட்டும்தான் சொன்னேன். போன்லயும் அவன்கூட நான் பேசல. நம்பரு எழுதுன சீட்டு சாமி படத்துக்கிட்ட இருந்துச்சு, காலைல போனாப் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்.

கெளம்பறப்ப அந்தப் பையன் ஒண்ணு சொன்னான். "அக்காகிட்ட நான் சொல்லிட்டேன்னு சொல்லிருங்கண்ணா"ன்னான். பன்னைத் தின்னுக்கிட்டே ஏதோ சொல்றான்னு விட்டுட்டேன். எந்த அக்கான்னு நான் கேக்கல.

ஒரு நிமிசம் இருங்க தம்பி.

அவ போன் போட்டிருக்கா. நான் பஸ் ஸ்டாண்டுக்கு வர்றதுக்குள்ள போன் போட்டு, இந்த மாதிரி ஒருத்தர் வருவாரு, கதவு தானாத் திறந்துச்சுன்னு சொல்லி அனுப்பிருங்கன்னு சொல்லியிருக்கா. என்னை அண்ணாங்கறவன் அக்கான்னு வேற யாரைச் சொல்லுவான்? பூட்டு கெட்டுப் போச்சுன்னு நம்பறவளா இருந்தா, எதுக்குங்க ஒருத்தனுக்குப் போன் போட்டுப் பொய் சொல்லச் சொல்லோணும்?

அப்பச் சந்தேகமே இல்ல அவளுக்கு. அன்னிக்கே தெரியும். டீக்கடைக் கூட்டத்து முன்னாடி அவ மொதல்ல சொன்னாளே, அது நான் தலை குனிஞ்சுறக் கூடாதுன்னு சொன்னது. ரெண்டு மாசமா ஊரு பூரா நான் அதையே சொல்லிட்டுத் திரியறேன், அவ உள்ள போய்க் காப்பி போடறா. அய்யோ தம்பி.

பல்லடம் பல்லடம்ங்கறாரு கண்டக்டரு. கேக்குதுங்க, எறங்கறேன். பையைக் குடுங்க. வாசல்லயே நிப்பா. "என்னுங்க சொன்னாரு?"ன்னு ஒண்ணும் தெரியாதவளாட்டக் கேப்பா. பூட்டு தேஞ்சு போச்சாமான்னு நான் சொல்லோணும். அவ, "அதான, நான் அப்பவே சொன்னேனே"ம்பா. முடிஞ்சுது. அப்புடியே விட்டுரலாம்ங்கறீங்களா? நல்லதுக்குத்தான் சொல்றீங்க. ஆனா உங்களுக்குத் தெரியாதுங்க. ஏனுங்க ஏனுங்கன்னு கத்தறப்ப எஞ்சட்டையைப் புடிச்சுக்கிட்டா அவ. நல்லா இறுக்கமா, ரெண்டு கையிலயும். அந்தக் கையைத் தட்டி விட்டுட்டுத்தான் தம்பி நான் குதிச்சேன்.